படிகத்துக்குள் நீர் எங்கே நிற்கிறது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: விவியனைட்டின் வாய்பாட்டில் கடைசியாக ஒரு புள்ளி வைத்து ‘8 நீர்’ என்று எழுதுகிறார்கள். அந்த நீர், பஞ்சில் ஊறிய தண்ணீர் மாதிரிதான் படிகத்துக்குள் இருக்கிறதா?

பதில்: இல்லை. எத்தனை நீர் என்பதை மட்டும்தான் வாய்பாடு சொல்லும், எங்கே இருக்கிறது என்று சொல்லாது. நீரேறிய பாஸ்பேட் கனிமங்களில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அந்த ‘எங்கே’தான். கடினம், நிறம், எத்தனை டிகிரியில் சிதையும், எப்படிப் பத்திரப்படுத்துவது எல்லாம் அதில்தான் அடங்கியிருக்கின்றன.

பெரும்பாலும் நீர் உலோக அயனியோடு நேரடியாகப் பிணைந்திருக்கும். விவியனைட் என்பது இரும்பு பாஸ்பேட். அதில் இரும்புக்கு இரண்டு வகை இடங்கள் உண்டு. ஒரு வகை இரும்பைச் சுற்றி 4 நீரும் 2 பாஸ்பேட் ஆக்சிஜனும் எண்முகியாக (எட்டு முகமுள்ள வடிவில்) நிற்கின்றன. இன்னொரு வகை இரும்பைச் சுற்றி 2 நீரும் 4 ஆக்சிஜனும். வாய்பாட்டுக்கு முதல் வகை ஒன்று, இரண்டாம் வகை இரண்டு. 4 + 2 + 2 என்று கூட்டினால் 8. ஒரு நீர் மூலக்கூறுகூட இடமில்லாமல் அலையவில்லை.

மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட்டான ஸ்ட்ரூவைட்டில் இது உச்சத்துக்குப் போகிறது. மக்னீசியத்தின் ஆறு பக்கமும் நீர்தான். பாஸ்பேட் நான்முகி (ஒரு பாஸ்பரஸைச் சுற்றி நான்கு ஆக்சிஜன்) மக்னீசியத்தைத் தொடுவதே இல்லை. அம்மோனியம், பாஸ்பேட், ஆறு நீர் சூழ்ந்த மக்னீசியம் ஆகிய மூன்றையும் ஹைட்ரஜன் பிணைப்புகள்தான் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. அதன் எடையில் 44 சதவீதம் நீர். நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு அது மென்மையாக இருப்பதில் வியப்பில்லை.

அடுத்தது அடுக்கிடை நீர். ஆட்டூனைட்டில் யுரேனைல் (யுரேனியமும் ஆக்சிஜனும் சேர்ந்த தொகுதி) பாஸ்பேட் தகடுகளுக்கு நடுவே கால்சியமும் நீரும் இருக்கின்றன. அந்த நீரில் ஒரு பகுதி கால்சியத்தோடு பிணைந்தது. மீதி ஹைட்ரஜன் பிணைப்பை மட்டுமே நம்பி நிற்பது. ககாக்சினைட்டில் இன்னொரு வகை: படிகத்தின் நீளவாக்கில் சுமார் 14 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) விட்டமுள்ள வாய்க்கால்கள் ஓடுகின்றன. மூரும் ஷென்னும் 1983இல் இந்த அமைப்பை வெளியிட்டார்கள். கனிம உலகில் இவ்வளவு அகலமான வாய்க்கால் அபூர்வம். அதில் நிறைந்திருக்கும் நீருக்கு வேண்டுமானால் உங்கள் பஞ்சு உவமை ஓரளவு பொருந்தும்.

ஹைட்ராக்சிலை (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி) நீரோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள். டர்க்காய்ஸின் வாய்பாட்டில் 8 ஹைட்ராக்சிலும் 4 நீரும் தனித்தனியாக உண்டு.

கேள்வி: வாங்கும்போது வெளிர்பச்சையாக, கண்ணாடி மாதிரி இருந்த விவியனைட் படிகம் இப்போது கருநீலமாகிவிட்டது. தகடு தகடாகவும் பிரிகிறது. பழைய நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

பதில்: முடியாது. ஆனால் மேலும் கெடுவதை நன்றாகவே மெதுவாக்கலாம். இரண்டு சிக்கல்களுக்கும் காரணம் ஒரே அமைப்பில் இருப்பதால், அதைப் புரிந்துகொண்டால் என்ன செய்யக்கூடாது என்பது தானாகவே விளங்கும்.

இரண்டாம் வகை இரும்பு எண்முகிகள் இரண்டிரண்டாக ஒரு விளிம்பைப் பகிர்ந்துகொண்டு இணையாக நிற்கின்றன. அந்த இணையில் இரும்புக்கும் இரும்புக்கும் இடையே சுமார் 3 ஆங்ஸ்ட்ராம்தான். புதிதாக வெட்டியெடுத்த படிகத்தில் இரண்டுமே இரண்டு நேர்மின்சுமை கொண்டவை; அதனால் நிறம் ஏறக்குறைய இல்லை. காற்றும் ஒளியும் பட்டு ஒன்று மட்டும் மூன்று மின்சுமைக்கு ஏறினால், ஒளியை வாங்கிக்கொண்டு ஓர் எலக்ட்ரான் பக்கத்து இரும்புக்குத் தாவ முடிகிறது. அதற்குத் தேவையான ஆற்றல் சிவப்பு ஒளியில் கிடைப்பதால் சிவப்பு உறிஞ்சப்பட்டு நீலம் மிஞ்சுகிறது. மிகச் சிறிதளவு ஆக்சிஜனேற்றமே ஆழ்ந்த நீலத்தைத் தந்துவிடும்.

துருவமாக்கும் நுண்ணோக்கி கிடைத்தால் இதை நேரிலேயே பார்க்கலாம். அந்த இணைகள் பிளவுத்தளத்துக்கு (படிகம் எளிதில் தகடாகப் பிரியும் தளம்) செங்குத்தாக நிற்கின்றன. ஆகவே தகட்டைப் படுக்கவைத்துப் பார்த்தால் வெளிர் மஞ்சள் கலந்த பச்சைதான் தெரியும். விளிம்பில் நிறுத்தி, ஒளியின் அதிர்வுத் திசையைப் பிளவுத்தளத்துக்குச் செங்குத்தாக வைத்தால் கருநீலம் பாயும். மேடையை 90 டிகிரி திருப்பினால் நீலம் மங்கிவிடும்.

தகடு பிரிவதற்கு வருவோம். எண்முகிகளும் நான்முகிகளும் சேர்ந்து தகடுகளாகின்றன. ஒரு தகட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே நீரின் ஹைட்ரஜன் பிணைப்பைத் தவிர வேறு பிடிப்பே கிடையாது. இரும்பு ஒரு மின்சுமை கூடும்போது, கணக்கு நேராக, அதோடு பிணைந்த நீர் ஒன்று ஒரு புரோட்டானை இழந்து ஹைட்ராக்சில் ஆகிறது. பிடித்துக்கொண்டிருந்த ஹைட்ரஜன்களில் ஒன்று குறைகிறது, தகடுகள் தளர்கின்றன. ஆக்சிஜனேற்றம் தொடர்ந்தால் முதலில் முச்சரிவு (மூன்று அச்சுகளும் சாய்வான) அமைப்புள்ள மெட்டாவிவியனைட், கடைசியில் படிக ஒழுங்கே இல்லாத பழுப்புநிற சாண்டாபார்பராஐட்.

செய்ய வேண்டியவை: இருட்டு முதலில். காற்றுப்புகாத பெட்டி, முடிந்தால் உள்ளே ஆர்கான். குளிர்ச்சியான, வெப்பநிலை ஏறி இறங்காத இடம். சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே போடவே கூடாது. இரும்புப் பொருள் துருப்பிடிக்காமல் இருக்க உதவும் அதே வறட்சி இங்கே அடுக்குகளை விரிசல்விட வைக்கும். அமிலத்தில் கரையும் என்பதால் அமிலக் கழுவல் வேண்டாம். மீயொலித் தொட்டியில் ஒருமுறை வைத்தால் போதும், பிளவுத்தளம் நெடுகப் பிரிந்துவிடும். வெற்றிடத்தில் வைப்பதும் தவறு. அது நீரை உறிஞ்சி எடுக்கும்.

கடைசியாகச் சொன்னது ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். எலக்ட்ரான் நுண்பகுப்பானில் (எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சித் தனிமங்களை அளக்கும் கருவி) வைத்தால் வெற்றிடமும் கற்றையின் சூடும் சேர்ந்து நீரை விரட்டும். அந்தக் கருவி அளக்காத நீர் 28.7 சதவீதம் என்பதால் ஆக்சைடுகளின் கூட்டுத்தொகை 71.3 அருகே வர வேண்டும். 78, 80 என்று வந்தால் மகிழ வேண்டாம். அளக்கும்போதே நீர் போய்விட்டது என்று அர்த்தம். கற்றையை 10 முதல் 20 மைக்ரான் வரை விரித்து, மின்னோட்டத்தைக் குறைத்து மீண்டும் அளவிடுங்கள்.

கேள்வி: பொடி எக்ஸ் கதிர் ஆய்வில் 11.6 டிகிரியில் வலுவான கோடு. மென்பொருள் ஒரு முறை ஜிப்சம் என்கிறது, ஒரு முறை புருஷைட் என்கிறது. எதை நம்புவது?

பதில்: மென்பொருளின் மேல் குற்றமில்லை. ஜிப்சம் கால்சியம் சல்பேட், புருஷைட் கால்சியம் ஹைட்ரஜன் பாஸ்பேட். இரண்டிலும் 2 நீர். கால்சியமும் நான்முகிகளும் சேர்ந்த தகடுகள், நடுவே நீர் என்று அடுக்கும் முறையும் ஒன்றே. அடுக்குத் தளத்தின் இடைவெளி இரண்டிலும் 7.6 ஆங்ஸ்ட்ராம் அருகே. அதுவே உங்கள் 11.6 டிகிரிக் கோடு. பொடியைக் கண்ணாடித் தட்டில் அழுத்திப் பூசினால் தகடுகள் எல்லாம் படுத்துக்கொண்டு இந்த ஒரு கோட்டை மட்டும் பெரிதாக்கும், மற்றவை அமுங்கும். பக்கவாட்டிலிருந்து பொடியை நிரப்பி மீண்டும் எடுங்கள். செம்பின் கே-ஆல்ஃபா கதிரில் ஜிப்சத்துக்கு 20.7, 29.1 டிகிரி, புருஷைட்டுக்கு 20.9, 29.3 டிகிரி. வித்தியாசம் 0.2 டிகிரிதான். மாதிரியின் உயரம் சற்றுப் பிசகினாலே அது மறைந்துவிடும். சிறிதளவு சிலிக்கன் பொடியைக் கலந்து கோணத்தைத் திருத்திக்கொள்வது நல்லது.

எடையிழப்பைக் கொண்டு தீர்மானிக்கப் போகிறவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. இரண்டின் மூலக்கூறு எடையும் 172தான். 2 நீர் போனால் இரண்டிலும் இழப்பு 20.9 சதவீதம். அங்கேயே நிறுத்தினால் எதுவும் தெரியாது. சூட்டை 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொண்டுபோங்கள். புருஷைட்டின் அமில ஹைட்ரஜன் நீராக வெளியேறி, பாஸ்பேட்டுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து பைரோபாஸ்பேட் ஆகும்; மேலும் 5.2 சதவீதம் குறையும். ஜிப்சத்தில் அந்தப் படி இருக்காது. ராமன் கருவி இருந்தால் இவ்வளவு பாடும் வேண்டாம்: ஜிப்சத்தின் வலுவான கோடு 1008 செ.மீ⁻¹, புருஷைட்டுக்கு 986 செ.மீ⁻¹. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து அம்மோனியம் மாலிப்டேட் சேர்த்துச் சூடாக்கினால் மஞ்சள் வீழ்படிவு. இந்தப் பழைய சோதனையும் பாஸ்பேட்டைக் காட்டிவிடும்.

கேள்வி: ஸ்ட்ரூவைட் தயாரித்து 105 டிகிரியில் உலர்த்தினேன். கணக்கிட்டதில் பாதி எடைதான் இருக்கிறது. எக்ஸ் கதிரில் கோடே இல்லை.

பதில்: தயாரிப்பு சரிதான், உலர்த்தியதில்தான் பிழை. 105 டிகிரி மண்ணுக்கும் மணலுக்கும் ஏற்றது. ஸ்ட்ரூவைட் 55 டிகிரிக்கு மேலேயே சிதையத் தொடங்கும். 6 நீரும் அம்மோனியாவும் சேர்ந்து போனால் இழப்பு 51 சதவீதம். நீங்கள் பார்த்த ‘பாதி’ இதுவே. மிஞ்சுவது ஒழுங்கில்லாத மக்னீசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்; அதனால்தான் கோடுகள் இல்லை.

மறுபடி செய்யும்போது: 6 நீருள்ள மக்னீசியம் குளோரைடு 2.03 கிராமை 50 மில்லி நீரிலும், அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1.15 கிராமை இன்னொரு 50 மில்லி நீரிலும் கரையுங்கள். இரண்டையும் கலந்து, கிளறிக்கொண்டே நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். 9க்குக் கொண்டுவாருங்கள். படிகம் இறங்க இறங்க பி.எச். கீழே வரும், மீண்டும் ஏற்ற வேண்டும். வடிகட்டி, குளிர்ந்த நீரால் சிறிதளவும் பிறகு ஆல்கஹாலாலும் கழுவி, அறை வெப்பநிலையில் காற்றில் உலரவிடுங்கள். முழு விளைச்சல் 2.45 கிராம், கரைசலில் கொஞ்சம் தங்கும். அமிலப் பக்கம் விட்டுவிட்டால் 3 நீருள்ள நியூபெரைட் வரக்கூடும். பி.எச். மிகவும் ஏறினால் அம்மோனியா பறந்துவிடும், மக்னீசியம் ஹைட்ராக்சைடும் இறங்கும். இன்னொன்று: ஸ்ட்ரூவைட்டைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் அம்மோனியா போகாமல் 5 நீர் மட்டும் போய், 1 நீருள்ள டிட்மரைட் ஆகும். வறண்ட சூட்டுக்கும் ஈரச் சூட்டுக்கும் இரண்டு வழிகள்.

கேள்வி: ஒற்றைப் படிகத் தரவில் நீரின் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் தூரம் 0.82 ஆங்ஸ்ட்ராம் என்று வருகிறது. உண்மையில் 0.96 அல்லவா? மேலும் ஓர் ஆக்சிஜன் நீரா, ஹைட்ராக்சிலா என்றே தெரியவில்லை.

பதில்: எக்ஸ் கதிர் எலக்ட்ரானைப் பார்க்கிறது, கருவை அல்ல. ஹைட்ரஜனின் ஒற்றை எலக்ட்ரான் ஆக்சிஜன் பக்கம் சாய்ந்திருப்பதால் தூரம் குறைவாகத் தெரியும். நியூட்ரான் கருவையே பார்ப்பதால் அங்கே 0.96 அல்லது 0.97 கிடைக்கும். எக்ஸ் கதிர்த் தரவில் 0.84 என்று கட்டுப்படுத்தி, ஹைட்ரஜன்–ஹைட்ரஜன் தூரத்தை 1.33 என்று வைப்பதே முறை. 0.96ஐத் திணித்தால் தரவுக்கு விரோதமாகப் போவீர்கள்.

நீரா ஹைட்ராக்சிலா என்பதை கணக்கில் எஞ்சிய எலக்ட்ரான் அடர்த்திப் புள்ளிகளை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். யுரேனியம் போன்ற கனமான அணு இருந்தால் அதன் இரைச்சலில் ஹைட்ரஜன் அமுங்கிவிடும். பிணைப்பு இணைதிறனை (ஒவ்வொரு பிணைப்பின் வலிமையையும் அதன் நீளத்திலிருந்து கணக்கிட்ட எண்) கூட்டிப் பாருங்கள். பிணைப்பின் நீளத்தைச் சிறப்பு நீளத்திலிருந்து (அணு இணைக்கு ஏற்ப அட்டவணையில் உள்ள மாறிலி) கழித்து, 0.37ஆல் வகுத்து, இயல் அடுக்குக்குறி (e-இன் அடுக்கு) எடுக்க வேண்டும். பாஸ்பரஸ்–ஆக்சிஜனுக்குச் சிறப்பு நீளம் 1.617, பிணைப்பு 1.535 என்றால் விடை 1.25. மக்னீசியத்துக்கு 1.693; பிணைப்பு 2.07 என்றால் 0.36. ஹைட்ரஜனைச் சேர்க்காமல் கூட்டியதில் ஓர் ஆக்சிஜனுக்கு 0.4 அருகே வந்தால் அது நீர். 1 அருகே வந்தால் ஹைட்ராக்சில்; ஆனால் பாஸ்பரஸோடு பிணைந்த ஆக்சிஜன் என்றால் கவனம் தேவை. ஸ்ட்ரூவைட்டில் பாஸ்பேட் ஆக்சிஜனுக்கு 1.25தான் கிடைக்கிறது, மீதி 0.75ஐ, தலைக்கு 0.2 வீதம், மூன்று நான்கு ஹைட்ரஜன் பிணைப்புகள் நிரப்புகின்றன. அதைப் புரோட்டான் ஏற்றது என்று எண்ணிவிடக் கூடாது. உண்மையிலேயே புரோட்டான் இருந்தால் அந்தப் பாஸ்பரஸ்–ஆக்சிஜன் பிணைப்பு மட்டும் 1.58 அல்லது அதற்கு மேல் நீண்டிருக்கும். மற்ற மூன்றும் 1.53 பக்கம் சுருங்கியிருக்கும்.

ஹைட்ரஜன்களை வைத்த பிறகு ஒரு சோதனை: வெவ்வேறு நீர்களின் ஹைட்ரஜன்கள் ஒன்றையொன்று நோக்கி 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் நின்றால், ஒன்று தவறான இடம், அல்லது அங்கே பாதிப் பாதியாக இரண்டு நிலைகள்.

கேள்வி: டர்க்காய்ஸிலும் 4 நீர் இருக்கிறதே, அது மட்டும் எப்படி ஆபரணத்துக்கு உதவும் அளவு கடினம்?

பதில்: அதன் எடையில் நீர் 8.9 சதவீதம்தான். அலுமினிய எண்முகிகளும் பாஸ்பேட்டும் நான்கு திசையிலும் கோத்துக்கொண்ட முப்பரிமாணச் சட்டகம் அது. செம்பைச் சுற்றி 4 ஹைட்ராக்சிலும் 2 நீரும். ஹைட்ரஜன் பிணைப்பு மட்டும் தாங்கும் தளம் எதுவும் இல்லாததால் கடினம் 5 முதல் 6 வரை போகிறது. ஆனால் பற்றவைக்கும் சுடரைத் தாங்காது: நீர் வெளியேறும்போது நிறம் மாறும், கல் வெடிக்கவும் செய்யும். உலோக வேலை எல்லாம் முடிந்த பிறகே கல்லைப் பதியுங்கள்.