புதிய ஸ்னோமொபைல் ஒரு பக்கம் இழுக்கிறதே?

கேள்வி: கடந்த மாதம் பனிமேல் ஓட்டும் எஞ்சின் வண்டியான ஸ்னோமொபைல் ஒன்றைப் புதிதாக வாங்கி, சட்பரிக்கு அருகே உறைந்த ஏரியொன்றின் மேல் முதன்முறையாக ஓட்டினேன். கைப்பிடியை நேராகப் பிடித்தாலும் வண்டி இடப்பக்கம் ஒதுங்குகிறது. வேகம் கூட்டும் த்ராட்டிலைத் தொடாமல் நிற்கும்போதும் மெல்ல நகர்கிறது. அரைமணி நேரத்தில் கருகல் வாடையும் வந்தது. புதிய வண்டியிலேயே இத்தனை குறைகளா?
– வாசகர் ஒருவர், ஒன்டாரியோ

பதில்: இவை மூன்றும் பெரும்பாலும் பொருத்துவதில் நேரும் பிசகுகள். ஸ்னோமொபைல் தொழிற்சாலையிலிருந்து முழு வண்டியாக வருவதில்லை. ஸ்கீகள் எனும் முன்புறச் சறுக்குப் பட்டைகளும் கைப்பிடியும் தனியாகக் கட்டப்பட்டு, பெட்டியில் அடைத்தே விற்பனையாளரிடம் வந்து சேருகின்றன. அவற்றைப் பூட்டி அளவு பார்ப்பது கடைக்காரரின் வேலை. பருவம் தொடங்கும் அவசரத்தில் அந்த அளவெடுப்புதான் முதலில் விடுபடும்.

ஒதுங்குவதை முதலில் பார்ப்போம். பிறர் ஓட்டிச் சென்ற தடங்களில் ஸ்கீயின் அடியிலுள்ள கார்பைட் என்ற கடின உலோகப் பட்டை சிக்கினாலும் வண்டி அங்குமிங்கும் இழுபடும், அது பழுதல்ல. ஆகவே, யாரும் மிதிக்காத சமமான பனியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் இடப்பக்கமே போனால், கைப்பிடியை நேராக வைத்து, இரு ஸ்கீகளின் முனைகளையும் கையால் உட்புறமாக நெருக்கி ஸ்டியரிங்கின் தளர்வை எடுத்துவிட்டு, அவற்றுக்கிடையேயான தூரத்தை முன்புறமும் பின்புறமும் அளந்து பாருங்கள். முன்புறம் சில மில்லிமீட்டர் அகலமாக இருப்பதே வழக்கம். சரியான அளவு உங்கள் கையேட்டில் இருக்கும். முன்புறம் குறுகியிருந்தால் ஓட்டம் தடுமாறும். இரு பக்கச் சுருள்வில்களும் ஒரே அளவில் இறுக்கப்பட்டுள்ளனவா என்பதையும் கூடவே பார்த்துவிடுங்கள்.

த்ராட்டிலைத் தொடாமலே நகர்வதற்கு, த்ராட்டில் கொடுக்காதபோது எஞ்சின் சுழலும் ஐடில் வேகம் அதிகமாக இருப்பதோ, முன், பின் என இரு கிளட்ச் சக்கரங்களை இணைக்கும் ரப்பர் பெல்ட் தேவைக்கு மேல் இறுக்கமாக இருப்பதோ காரணமாகும். எஞ்சினை நிறுத்தி, இடப்பக்க மூடியைத் திறந்து, பின் கிளட்சில் பெல்ட் எங்கே அமர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பொதுவாக அது விளிம்போடு சமமாகவோ இம்மியளவு உயர்ந்தோ இருக்க வேண்டும். இந்தத் திருத்தத்தைக் கடையிலேயே செய்யச் சொல்வது நல்லது. நின்ற இடத்திலிருந்து தானாக நகரும் வண்டியில் ஏறவே கூடாது என்பது என் கருத்து.

கருகல் வாடையை மூக்கே பிரித்துச் சொல்லும். ரப்பர் வாடையானால் பெல்ட். கிளட்ச் அறையில் கறுப்புத் தூள் படிந்திருக்கும். புதிய பெல்ட்டை முதல் 50 கிலோமீட்டர் வரை மிதமாக ஓட்டிப் பழக்க வேண்டும். திடீரென முழு த்ராட்டில் கொடுத்தால் பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் மினுங்கத் தொடங்கும். உருகிய பிளாஸ்டிக் வாடையானால், உங்கள் ஏரியையே சந்தேகிக்கிறேன். வண்டியை உந்தித் தள்ளும் அடிப்பட்டையான ட்ராக்கைத் தாங்கும் ஸ்லைடர் என்ற பிளாஸ்டிக் பட்டைக்குப் பனியே எண்ணெயும் குளிர்ச்சியும் ஆகும். திரவக் குளிரூட்டல் உள்ள வண்டிகளில் எஞ்சின் சூடும் பனி பட்டே தணிகிறது. வெறும் பனிக்கட்டியின் மேல் அரைமணி நேரம் ஓட்டினால் இரண்டும் தவிக்கும். அத்தகைய தரையில் பயன்படுத்தவே, பனிக்கட்டியைக் கீறித் தூளாக்கி மேலே தெறிக்கவிடும் ஸ்கிராட்ச்சர் என்ற கம்பிகள் உண்டு. இடையிடையே மென்பனியில் இறங்கி வருவதும் உதவும்.

ட்ராக்கையும் விட்டுவிடாதீர்கள். மிக இறுக்கமானால் ஸ்லைடர் தேயும். தளர்ந்தால் வேகமெடுக்கும்போது இயக்கும் பற்கள் தாவி ‘கடகட’வென்ற ஒலி எழும். புதிய ட்ராக் முதல் சில ஓட்டங்களில் நீளும் என்பதால், கடையில் சரியாக இருந்ததே மீண்டும் தளரலாம். வண்டியின் பின்பகுதியை உறுதியான தாங்கியில் நிறுத்தி, பின்னால் ஒருவரும் நிற்காதபடி பார்த்துக்கொண்டு மெதுவாகச் சுழலவிட்டால், ட்ராக் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்பது தெரியும். எஞ்சினை நிறுத்திய பிறகே, ட்ராக்கை இறுக்கும் திருகுகளில் ஒதுங்கிய பக்கத்தில் உள்ளதைக் கால் சுற்று இறுக்கி மீண்டும் பாருங்கள். ஒரேயடியாகத் திருப்பினால் மறுபக்கம் ஓடும்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் புறப்படும் முன் எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?
– அதே வாசகர்

பதில்: த்ராட்டிலை. எஞ்சினை இயக்கும் முன் அதன் நெம்புகோலைப் பலமுறை அழுத்தி விடுங்கள். அது தானே ‘டக்’கென்று திரும்ப வேண்டும். இரவில் உள்ளே இறுகிய பனி அதைப் பிடித்து வைத்திருந்தால், எஞ்சின் உயிர்பெற்ற கணமே வண்டி பாய்ந்துவிடும். அடுத்து பிரேக், அதன்பின் உடையில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கயிறு: அதை இழுத்ததும் எஞ்சின் நிற்கிறதா என்று ஒருமுறை சோதித்த பிறகே ஏரிப்பக்கம் திரும்புங்கள்.