டர்பைன் மீட்டர் அளவு தவறினால் முதலில் பைப்பைப் பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகப் பக்கத்திலிருந்தும் கரும்பு ஆலைப் பகுதிகளிலிருந்தும் ஜோஹானஸ்பர்க்கிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. எல்லாமே பைப்பில் ஓடும் திரவத்தை அளக்கும் டர்பைன் ஃப்ளோமீட்டர் பற்றியவை. அதனுள் இதழ்கள் கொண்ட ரோட்டர் திரவத்தின் வேகத்தில் சுற்றும், சுற்றும்போது வரும் மின் துடிப்புகளை (பல்ஸ்) எண்ணித்தான் மீட்டர் அளவு சொல்கிறது.

லெனேசியா (ஜோஹானஸ்பர்க்) வாசகர்: டர்பன் டிப்போவில் ஒழுங்காக ஓடிய 2 அங்குல பெட்ரோல் மீட்டரை இங்கே கொண்டுவந்து மாட்டினோம். மீட்டருக்கு அடுத்துள்ள கேஜ் அங்கே காட்டிய அதே 40 கிலோபாஸ்கலைத்தான் காட்டுகிறது. ஆனால் டாங்கில் ஏறியதைவிட மீட்டர் அதிகமாக எண்ணுகிறது. புது மீட்டர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். உங்கள் மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, மாறியது ஊரின் உயரம்.

ரோட்டர் இதழ்களுக்கிடையே நுழையும்போது திரவத்தின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். அந்த இடத்து அழுத்தம் பெட்ரோலின் ஆவியழுத்தத்துக்குக் கீழே போனால் பெட்ரோல் அங்கேயே குமிழி குமிழியாக ஆவியாகும். குமிழி இடத்தை அடைத்துக்கொள்வதால் மிச்சமுள்ள பெட்ரோல் இன்னும் வேகமாகப் போகும், ரோட்டரும் வேகமாகச் சுற்றும். அதனால்தான் கணக்கு கூடுகிறது. இதைத்தான் கேவிட்டேஷன் என்கிறோம்.

இதற்கு எண்ணெய்த் துறையில் வழக்கமான கணக்கு ஒன்று உண்டு. மீட்டரில் ஏற்படும் அழுத்த இழப்பை 2 ஆல் பெருக்குங்கள், ஆவியழுத்தத்தை 1.25 ஆல் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டுங்கள். மீட்டரின் வெளிப்பக்கத்தில் குறைந்தது அவ்வளவு அழுத்தம் இருக்க வேண்டும். உங்கள் மீட்டரின் இழப்பு 30 கிலோபாஸ்கல், ஓடும் வெப்பநிலையில் ஆவியழுத்தம் 60 என்று வைத்துக்கொண்டால் 60 + 75 = 135. ஆனால் இது காற்றழுத்தத்தையும் சேர்த்த முழு அழுத்தம். கேஜ் காட்டுவது காற்றழுத்தத்துக்கு மேலே உள்ளதை மட்டும்தான்.

டர்பனில் காற்றழுத்தம் ஏறத்தாழ 101. எனவே கேஜில் 34 இருந்தால் போதும், 40 தாராளம். ஜோஹானஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் 83 அளவுதான். கேஜில் 52 வேண்டும். உங்களிடம் 12 குறைகிறது.

மீட்டருக்குப் பின்னால், அதாவது பெட்ரோல் வெளியேறும் பக்கத்தில், உள்ள வால்வை மெல்ல மூடி, கேஜை 60க்கு மேல் கொண்டுவாருங்கள். ஓட்டம் குறைகிறதா என்பதையும் கவனியுங்கள், பம்பில் தெம்பு இருக்க வேண்டும். டாங்க் அளவும் மீட்டர் அளவும் ஒத்துவந்தால் காரணம் இதுதான் என்று உறுதி. மீட்டருக்கு முன்னால் உள்ள வால்வை மட்டும் தொடாதீர்கள், அதைத் திருகினால் மீட்டருக்குள் அழுத்தம் இன்னும் குறையும். கோடைப் பகலில் ஆவியழுத்தம் ஏறும், கணக்கை அந்த வெப்பத்துக்குப் போடுங்கள்.

மெரிபேங்க் வாசகர்: இடம் போதாமல் இரண்டு எல்போக்களை (பைப் வளைவுகளை) அடுத்தடுத்து வைத்து, உடனே மீட்டரை மாட்டியிருக்கிறோம். எவ்வளவு நேர் பைப் தேவை?

ஃப்ளோ ஸ்ட்ரெயிட்னர் (திரவத்தின் சுழற்சியை நீக்கி ஓட்டத்தை நேராக்கும் பாகம்) இல்லையென்றால் மீட்டருக்கு முன்னால் பைப் விட்டத்தைப்போல் 20 மடங்கு, இருந்தால் 10 மடங்கு, பின்னால் 5 மடங்கு. 2 அங்குல மீட்டருக்கு முன்னால் 1 மீட்டர், பின்னால் 25 சென்டிமீட்டர் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் உங்கள் எல்போக்களில் ஒன்று மேலே திரும்பி மற்றொன்று பக்கவாட்டில் திரும்பினால் 20 மடங்கையும் நம்ப முடியாது. அந்த அமைப்பில் திரவம் திருகாணி மாதிரி சுழன்றுகொண்டே வரும். சுழற்சி ரோட்டர் சுற்றும் திசையிலேயே இருந்தால் அளவு கூடும், எதிர்த்திசையில் இருந்தால் குறையும். ஸ்ட்ரெயிட்னர் போடுங்கள், வேறு வழி இல்லை.

பெரிய பைப்பிலிருந்து சிறிய மீட்டருக்கு இறங்கினால் ரெட்யூசர் (விட்டத்தைக் குறைக்கும் இணைப்பு) இரு பைப்புகளின் நடுவும் ஒத்துவரும்படி இருக்கட்டும், அதை நேர் பைப் தொடங்கும் முன்பே வையுங்கள். கேஸ்கெட்டையும் பாருங்கள். ஃபிளாஞ்சின் உள்விளிம்பைத் தாண்டி 2 மி.மீ. துருத்திக்கொண்டிருக்கும் கேஸ்கெட்கூட ஓட்டத்தைக் கோணலாக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, கழற்றி விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள்.

பைன்டவுன் வாசகர்: டிஸ்ப்ளே பெட்டியை மாற்றியபின் ஓட்டம் கால் பங்குதான் காட்டுகிறது.

யூனிட் தவறு. கே-ஃபேக்டர் என்பது ஒரு லிட்டருக்கு எத்தனை பல்ஸ் என்ற எண். உதாரணமாக லிட்டருக்கு 13.5 பல்ஸ் என்றால் 150 ஹெர்ட்ஸ் வரும்போது 150 ÷ 13.5 = விநாடிக்கு 11.1 லிட்டர், அதாவது மணிக்கு 40 கனமீட்டர். அதே மீட்டரின் சான்றிதழில் அமெரிக்க கேலனுக்கு 51.1 பல்ஸ் என்று இருந்து, அதை லிட்டர் கட்டத்தில் பதித்திருந்தால் காட்டுவது 26 விழுக்காடுதான். பழைய பிரிட்டிஷ் கேலன் என்றால் 22 விழுக்காடு. சான்றிதழைத் திரும்ப எடுத்து எந்தக் கேலன் என்று படியுங்கள்.

டோங்காட் வாசகர்: ஆற்றிலிருந்து கரும்புக்கு நீர் இறைக்கும் லைன். லோட் ஷெடிங் (முறை மின்வெட்டு) முடிந்து கரண்ட் வந்ததும் பம்ப் தானாக ஓடத் தொடங்கும். ஒரு வருஷத்தில் இரண்டு பேரிங் போய்விட்டது.

பேரிங்கைக் கெடுத்தது தண்ணீர் இல்லை, காற்று. கரண்ட் போனதும் லைன் வடிந்து வெறும் குழாயாகிறது. பம்ப் திரும்ப ஓடும்போது முன்னால் வரும் காற்று மீட்டரை அளவுக்கு மீறி வேகமாகச் சுற்றவைக்கும். இந்த மீட்டர்களில் பேரிங்குக்கு உயவு கொடுப்பதும் ஓடும் திரவமே. ஆக அதிவேகமும் வறட்சியும் ஒரே நேரத்தில் வருகின்றன. பின்னாலேயே தண்ணீர் சுவர் போல வந்து இதழில் மோதும்.

முதலில் தானாக ஓடும் வசதியை நிறுத்துங்கள். யாராவது போய்த்தான் பம்பைப் போட வேண்டும். மீட்டருக்குப் பின்னால் ஒரு செக் வால்வு (திரவத்தைத் திரும்பி வரவிடாத வால்வு) போட்டு, அதன்பின் பைப்பை மேல்நோக்கி ஏற்றுங்கள், மீட்டர் வடியாமல் நிறைந்தே இருக்கும். மேட்டுப் பகுதியில் காற்று வெளியேற்றும் வால்வு வேண்டும். தொடங்கும்போது மீட்டருக்குப் பின்னால் உள்ள வால்வை மூடி, முன்னால் உள்ளதைக் கொஞ்சம் மட்டும் திறந்து, காற்று வால்வில் தண்ணீர் சீராக வரும்வரை பொறுங்கள். அதன்பின் பின்வால்வை ஓரிரு நிமிடம் எடுத்து மெல்லத் திறங்கள். பம்புக்கு மெதுவாக வேகமெடுக்கும் டிரைவ் போட முடிந்தால் நல்லது.

பழைய ரோட்டரைத் தூக்கி எறிவதற்குமுன் அதன் நடுத்தண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஆற்று நீரில் வரும் நாரும், மூட்டில் சுற்றிய டெஃப்லான் டேப்பின் இழையும் முடிபோல அங்கே சுற்றியிருக்கும். அது ரோட்டரை இழுத்துப் பிடித்து அளவைக் குறைக்கும். மீட்டருக்கு முன்னால் ஸ்ட்ரெயினர் (வடிகட்டி) இல்லாமல் இந்த லைனை ஓட்டவே கூடாது. உண்மையைச் சொன்னால், சுழலும் பாகமே இல்லாத மின்காந்த மீட்டர்தான் ஆற்று நீருக்குப் பொருத்தம். இன்னொரு பேரிங்குக்குச் செலவழிக்கும் முன் அதன் விலையைக் கேளுங்கள்.

இசிபிங்கோ வாசகர்: பம்ப் நின்றபின்னும் மணிக்கு 13 கனமீட்டர் ஓடுவதாகக் காட்டுகிறது. கே-ஃபேக்டர் லிட்டருக்கு 13.5.

உங்கள் கே-ஃபேக்டர் 13.5 என்று எழுதியிருக்கிறீர்கள். 50 ÷ 13.5 = விநாடிக்கு 3.7 லிட்டர், மணிக்கு 13.3 கனமீட்டர். நீங்கள் அளப்பது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ்! ரோட்டர் சுற்றுவதை உணர்ந்து பல்ஸ் தரும் பிக்கப் காயில் தருவது சில பத்து மில்லிவோல்ட் மட்டுமே, பக்கத்தில் மோட்டார் கேபிள் போனால் அதன் அலை இதில் ஏறிவிடும். மீட்டரிலிருந்து டிஸ்ப்ளேக்குப் போகும் சிக்னல் கேபிளின் உலோக உறையை டிஸ்ப்ளே முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள், இரு முனையிலும் செய்தால் தொல்லை கூடும். அந்தச் சிக்னல் கேபிளை மோட்டார் கேபிளிலிருந்து 30 சென்டிமீட்டராவது விலக்குங்கள், கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். தூரம் அதிகமென்றால் காயிலின் தலையிலேயே ப்ரீ-ஆம்ப்ளிஃபயர் (சிக்னலைப் பெருக்கும் கருவி) வையுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: ஒரே மீட்டரில் பெட்ரோலும் டீசலும் மாறி மாறி ஓட்டலாமா?

ஓட்டலாம், ஆனால் ஒரே திருத்த எண்ணை வைத்து ஓட்டக் கூடாது. பெட்ரோலின் பாகுத்தன்மை 0.6 சென்டிஸ்டோக் அளவு, டீசல் அதைவிடப் பல மடங்கு கெட்டி. கெட்டித் திரவம் இதழைப் பிடித்து இழுக்கும். ஓட்டம் மீட்டரின் உச்ச அளவில் பத்தில் ஒரு பங்கை நெருங்க நெருங்க அந்த வித்தியாசம் வளரும். ஒவ்வொன்றுக்கும் தனியாகப் புரூவரில் (கொள்ளளவு துல்லியமாகத் தெரிந்த சோதனைக் கருவி) சோதித்துத் தனி மீட்டர் ஃபேக்டர் எடுங்கள். வெப்பமும் அழுத்தமும் திருத்தியபின் புரூவர் 2,000 லிட்டர், மீட்டர் 1,996 என்றால் ஃபேக்டர் 1.0020. தொடர்ந்து 5 ஓட்டங்கள் 0.05 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும்.

சாதாரணப் பைப் புரூவரில் ஓர் ஓட்டத்துக்கு 10,000 பல்ஸ் சேர வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். லிட்டருக்கு 13.5 என்றால் 2,000 லிட்டரில் 27,000 கிடைக்கும். 500 லிட்டரில் 6,750தான், அது போதாது.

வெருலம் வாசகர்: ஆலையில் மொலாசஸுக்கு டர்பைன் மீட்டர் போடலாமா?

வேண்டாம். அவ்வளவு கெட்டியான பாகில் ரோட்டர் ஒழுங்காகச் சுற்றாது. கோரியாலிஸ் மீட்டர் அல்லது ஓவல் கியர் மீட்டர் பாருங்கள்.

சாட்ஸ்வொர்த் வாசகர்: கழற்றிய மீட்டர் நன்றாக இருக்கிறதா என்று கம்ப்ரஸர் காற்றை அடித்துச் சோதிக்கிறோம். சரியா?

நல்ல மீட்டரும் அதிலேயே கெட்டுப்போகும். வாயால் மெல்ல ஊதுங்கள். ரோட்டர் சுற்றி, வேகம் தணிந்து, சத்தமில்லாமல் நிற்க வேண்டும். வெடுக்கென்று நின்றால் பேரிங்கில் அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது.