வன்னிக் கிணற்றுத் தண்ணீரில் குள்ள சிக்லிட் (தொட்டியில் வளர்க்கும் சின்ன அழகு மீன்) குஞ்சு எடுப்பது: கேள்வி பதில்

பரந்தனிலிருந்து: அண்ணை, ராம் மீன் சோடி மூன்று தடவை முட்டை போட்டது. மூன்று தடவையும் இரண்டாம் நாளே முட்டை வெள்ளையாகிவிட்டது. ஆண் மீனில் பிழையா?

ஆணைக் குறை சொல்ல முதல் வீட்டுக் கேத்திலைத் திறந்து பாருங்கள். அடியில் வெள்ளைப் படை தடிப்பாக இருந்தால் பிழை தண்ணீரில்தான். ராம், தென்னமெரிக்காவின் ஒரினோக்கோ ஆற்றுப் படுகையின் மென்னீர் மீன், சுண்ணாம்பு குறைந்த தண்ணீருக்குப் பழகியது. சுண்ணாம்பு கூடிய தண்ணீரிலும் உயிரோடிருக்கும், சோடி சேரும், கல்லைத் துப்புரவாக்கி முட்டையும் போடும். ஆனால் முட்டை சரியாகக் கருக்கட்டாமல் பூஞ்சணம் பிடித்துவிடும். கொதிக்கவைத்து ஆற்றினால் போதும் என்பார்கள். அது தண்ணீரின் கடினத்தில், அதாவது சுண்ணாம்புத் தன்மையில், ஒரு பங்கைத்தான் எடுக்கும். குடிக்க வாங்கும் ஆர்.ஓ. தண்ணீர் (உப்பும் சுண்ணாம்பும் வடித்தெடுத்தது) மூன்று பங்கு, கிணற்றுத் தண்ணீர் ஒரு பங்கு கலந்து பாருங்கள். மாரியில் அந்தச் செலவும் இல்லை. முதல் மழை கூரையைக் கழுவட்டும், பிறகு வருவதைப் பிடியுங்கள். ஓட்டுக் கூரை நல்லது. தகரத்தில் துத்தநாகம் கரையும், நான் எடுப்பதில்லை. ஒரே நாளில் மாற்றாமல் ஒரு கிழமை எடுத்து மெல்ல மெல்ல மாற்றுங்கள்.

மல்லாவியிலிருந்து: இவ்வளவு கரைச்சல் இல்லாத மீன் இல்லையா?

கிரிபென்சிஸ். நைஜீரியாப் பக்கத்து மீன், நம் கிணற்றுத் தண்ணீரோடு ஒத்துப்போகும். என்னைக் கேட்டால் எல்லோரும் இதில்தான் தொடங்க வேண்டும். 60 லீற்றர் தொட்டி, அடியில் மெல்லிய மணல், ஒரு சிரட்டை. சாயம் போகும்வரை சிரட்டையை அவித்து, விளிம்பில் பெருவிரல் நுழையும் வாசல் வெட்டிக் கவிழ்த்து வையுங்கள். பெண்ணின் வயிறு ஜம்புப் பழம் போலச் சிவக்கும். ஆணின் முன்னால் உடலை வில்லாக வளைத்து நடுங்கும். அப்புறம் வாயால் மணலை அள்ளி அள்ளி வெளியே துப்பும். பிறகு ஒரு நாள் ஆளையே காணக் கிடைக்காது. செத்துவிட்டதோ என்று சிரட்டையைத் தூக்கிப் பார்த்தீர்களோ, முட்டை அதன் வயிற்றுக்குள் போய்விடும். நானும் தூக்கியவன்தான். ஒன்றரைக் கிழமைக்குள் தாயும் தகப்பனும் குஞ்சுக் கூட்டத்தை நடத்திக்கொண்டு தாமாகவே வெளியே வரும்.

மாங்குளத்திலிருந்து: காக்கட்டூ அப்பிஸ்டோ (இன்னொரு குள்ள சிக்லிட்) குஞ்சுகள் வளர்ந்தபின் ஏறக்குறைய எல்லாமே ஆண். ஏன்?

சூடு. அப்பிஸ்டோவில் முதல் சில கிழமைகளின் வெப்பநிலை ஆண் பெண்ணைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு எடுக்கும். 29 பாகைக்கு மேலே போனால் ஆண் மிஞ்சும், 23க்குப் பக்கத்தில் பெண் மிஞ்சும். சித்திரை வெயிலில் நம் தொட்டிகள் 31ஐத் தாண்டும். மார்கழி, தையில் எடுங்கள்.

அவரே மீண்டும்: பெண் மஞ்சளாகி ஆணைக் கடித்துத் துரத்துகிறது.

முட்டை காக்கிறது. தொட்டி சின்னதென்றால் ஆணை உடனே வேறாக்குங்கள், இல்லாவிட்டால் கொன்றுவிடும். ஆனால் கிரிபென்சிஸில் தகப்பனை எடுக்க வேண்டாம், அங்கே தகப்பனும் குஞ்சு காக்கும்.

புதுக்குடியிருப்பிலிருந்து: குஞ்சுக்கு முட்டை மஞ்சட்கரு போடலாமா?

போட்டால் மறுநாள் தண்ணீர் நாறும். ஆட்டீமியா (உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் போன்ற உயிர்) முட்டை பொரிக்க வையுங்கள்: ஒரு லீற்றருக்கு 25 கிராம் உப்பு, காற்றுக் குழாய், ஒரு நாள் பொறுமை. ஆனையிறவு உப்பே போதும். குஞ்சு நீந்தத் தொடங்கிய நாளிலிருந்து கொடுங்கள். வயிறு செம்மஞ்சளாகத் தெரிந்தால் சாப்பிட்டிருக்கிறது.

நெடுங்கேணியிலிருந்து: பெரிய மீனுக்கு வாளியில் நுளம்புக் குடம்பி வளர்க்கலாமா?

முட்டைக்குத் தயார்படுத்த அதைவிட நல்ல தீன் இல்லை. ஆனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாளியைக் கண்டால் வழக்குத்தான். டெங்குக் காலத்தில் அவர் செய்வதும் சரி. உறைய வைத்த இரத்தப் புழுவை வாங்குங்கள், தம்பி.