காம்பரான்னு சொல்ல வெட்கப்பட்ட காலம்

வணக்கம் அக்கா,

நான் பிறந்தது மலையகத்துல, ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல. அஞ்சு வயசுல கொழும்புக்கு வந்துட்டோம், இப்ப கொட்டாஞ்சேனையில இருக்கோம், அம்மாயி மட்டும் இன்னும் தோட்டத்துலதான். ஆஃபிஸ்ல யாழ்ப்பாணத்து, மட்டக்களப்புப் பிள்ளைகள் எங்க ஊர் கோயில், எங்க காணி, பூட்டன் கட்டின வீடுன்னு பேசுறப்ப நான் வாயே திறக்கிறதில்ல. எந்த ஊருன்னு கேட்டா கொழும்புன்னு சொல்லிடுவேன். நமக்கு வரிசையா ஒட்டிக் கட்டின தோட்டத்து அறைங்க, அந்த லயத்தைத் தவிர என்ன இருக்கு? இதுல எதை வேருன்னு சொல்றது?

— ஒரு வாசகி

அன்புத் தங்கச்சிக்கு,

ரெண்டு நாளா பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழும்பிட்டேன், ஏன்னா இதே பொய்யை நானும் வருஷக்கணக்கா சொல்லியிருக்கேன். கொழும்புல ஸ்கூல் சேர்ந்த புதுசுல "எங்க காம்பராவுல"ன்னு ஏதோ சொல்ல வந்தேன், டீச்சர் சிரிச்சாங்க, கிளாஸே சேர்ந்து சிரிச்சுது. அன்னைக்கு விட்ட சொல்லை அம்மா செத்த வீட்டுலதான் திரும்ப வாய் திறந்து சொன்னேன். காம்பரான்னா அறை, போர்த்துக்கீசர் விட்டுட்டுப் போன சொல்லு, 10க்கு 12 அடி லயத்து அறைக்கு நம்ம ஆளுங்க அதை வச்சிக்கிட்டாங்க. அதுல வெட்கப்பட என்ன இருக்குன்னு இப்ப நினைச்சா நெஞ்சு வலிக்குது.

காணி இல்லன்னு எழுதியிருக்கீங்க. ஏன் இல்லன்னு யோசிங்க. 1820கள்ல இந்தியாவுல இருந்து கோப்பித் தோட்டத்துக்குன்னு வந்தவங்க மன்னார் கரையில இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுவழியா நடந்தாங்க, பாதிவழியில காலராவுலயும் பசியிலயும் விழுந்தவங்களுக்குக் கணக்கே இல்ல. கோப்பி நோயில அழிஞ்சதும் தேயிலை வந்துச்சு. அப்புறம் 1948ல ஒரு சட்டம் போட்டு நம்மள நாடற்றவங்களா ஆக்கினாங்க, 1964ல இலங்கை, இந்தியா ரெண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து இத்தனை லட்சம் உனக்கு இத்தனை லட்சம் எனக்குன்னு பங்கு போட்டாங்க, மிச்சமிருந்தவங்களுக்குப் பிரஜாவுரிமைக்கு 2003 வரைக்கும் சட்டம் வர வேண்டியிருந்துச்சு. காணி இல்லாதது நமக்கு செஞ்ச அநியாயம் தங்கச்சி, அதை உங்க குறையா எடுத்துத் தலையில வச்சிக்காதீங்க.

காணி இல்லாத அந்த ஆளுங்க என்ன செஞ்சாங்க தெரியுமா, வேலை செஞ்ச இடத்தையே கோயிலாக்கினாங்க. ஃபேக்டரி மெஷினுக்கு ரோதைமுனி, தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற கவ்வாத்து வெட்டப் போறதுக்கு முன்னால கவ்வாத்துசாமி. கத்தி கையில படக்கூடாதுன்னு வேண்டிக்கிட்ட பயத்துல பிறந்த சாமிங்க இதுங்க, வேற யாருகிட்டயும் கடன் வாங்கல.

மாசி பிறந்தா காமன் கூத்து. கம்பம் ஊன்றி, தினம் ராத்திரி தப்பு மேளச் சத்தம் மலைக்கு மலை கேட்கும், ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் நடக்கும், கடைசி ராத்திரி சிவன் காமனை எரிச்சிடுவாரு, அப்ப ரதி அழுவா பாருங்க, பகல் முழுக்கக் கொழுந்து பறிச்சு அலுத்துப்போன பொம்பளைங்க எல்லாம் அவளோட சேர்ந்து அழுவாங்க. அங்க வந்தவழியில புதைச்ச பிள்ளைக்கும் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன தங்கச்சிக்கும் சேர்த்துத்தான் அழுறாங்கன்னு எனக்குத் தோணும். எங்க அம்மா அழுததை நான் பார்த்திருக்கேன், அது நாடகத்துக்கு அழுத அழுகை இல்ல.

எல்லாத்தையும் அப்படியே தூக்கிச் சுமக்கச் சொல்லல. தப்பு அடிக்கிறவங்கள ஒதுக்கி வச்ச சாதிப் புத்தியும் அதே வழியிலதான் கூட வந்துச்சு, அது ஒழியட்டும்.

உங்க அம்மாயி இருக்காங்க, அதுதான் எனக்குப் பெரிய விஷயமாத் தெரியுது. பேர் போடுறது (நாள் வேலைக்குப் பேர் பதியிறது), பெரட்டுக்களம் (காலையில வேலைக்கு ஆள் கூடுற இடம்), கொந்தரப்பு (ஒப்பந்த வேலை)ன்னு அவங்க பேசுற பேச்சு அவங்களோட போயிடும். அவங்க பாட்டன் இந்தியாவுல எந்த ஊரு, யாரோட வந்தாரு, என்ன பாட்டு பாடினாரு, ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, காது மங்குறதுக்குள்ள கேளுங்க. நான் எங்க அம்மாகிட்ட கேட்கல.

மாசியில ரெண்டு நாள் லீவு போட முடியுமான்னு பாருங்க. ஹட்டன் பஸ்ல நானும் வர்றேன்.