அப்பாவைப் பற்றிய கூட்டத்தில் அப்பாவின் குரல்

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். அப்பாவுக்கு வயது 67. காசிமேட்டில் மீன் ஏலத்தில் இருந்தவர். ஏழு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு வரவில்லை, ஆனால் நாம் பேசுவது புரிகிறது. மாதம் ஒருமுறை அண்ணன், அக்கா, நான், பகலில் சம்பளத்துக்கு வந்து அவரைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, பிசியோதெரபிஸ்ட் எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம். அது செலவுச் சண்டையில்தான் முடிகிறது. இப்போது பயிற்சியும் வேண்டாம் என்கிறார். கூட்டத்தை எப்படி நடத்துவது?

பதில்: ஐந்து பேர் பேசுவதைச் சொல்லியிருக்கிறீர்கள். அப்பாவிடம் என்ன கேட்டீர்கள் என்பது கடிதத்தில் இல்லை. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. பேச்சு போனதால் முடிவெடுக்கும் உரிமை போய்விடாது. மற்றவர்களுக்கு இருக்கும் அதே சட்டத் தகுதி மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 13-இல் சொல்கிறது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே அவரிடம் கேட்டு முடித்துவிட வேண்டும். பலர் சூழ்ந்து உட்கார்ந்த பிறகு கேட்டால் சும்மா தலையாட்டிவிடுவார். அவருக்கு யாரோடு ஒத்துப்போகுமோ அவர் ஒருவர் மட்டும் கேட்கட்டும். காலையில், அசதி இல்லாத நேரத்தில், டிவியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். துறைமுகம், டீக்கடை, மீன் குழம்பு, சக்கர நாற்காலி, பயிற்சி, குளியல் என்று பத்துப் பன்னிரண்டு படங்களை அச்செடுத்து ஒவ்வொன்றாகக் கொடுங்கள். 'பிடிக்கிறது', 'பிடிக்கவில்லை', 'தெரியவில்லை' என மூன்று இடமாக இடது கையால் பிரித்து வைக்கட்டும். ஒரு சமயத்தில் ஒரே கேள்விதான். பதிலுக்குப் பத்து விநாடியாவது காத்திருங்கள். பேச்சிழப்பு உள்ளவர்களுக்கு ஆமாம், இல்லை என்பதே மாறி வரலாம். அதனால் "வெளியே போகணுமா?" என்று கேட்டால், சற்று நேரம் கழித்து "வீட்லயே இருக்கணுமா?" என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் தலையாட்டினால் அந்தப் பதிலை எழுத வேண்டாம், மறுநாள் கேட்கலாம்.

கூட்டத்தன்று சுவரில் இரண்டு சார்ட் ஒட்டுங்கள். முதல் சார்ட்டில் இரண்டு பத்தி: அவர் வேண்டுவது, உடம்புக்கு வேண்டியது. விடியலில் ஏலம் பார்க்கப் போவது முதல் பத்தியில் வரலாம். பிரஷர் கட்டுக்குள் இருப்பது, உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருப்பது இரண்டாவதில் வரும். பெரும்பாலான குடும்பங்கள் இரண்டாவதை மட்டும் நிரப்பிவிட்டு, 'ஒத்துழைக்க மாட்டேங்கிறார்' என்று நோயாளியைக் குறை சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி கிடைக்கும். கருவாடு கேட்டால், அதை ஊறவைத்தாலும் உப்பு முழுக்கப் போகாது. அதற்குப் பதிலாக சங்கராவோ மத்தியோ அவரே பார்த்துத் தேர்ந்தெடுத்து வாங்கிவரட்டும். துறைமுகம் போன மாதிரியும் ஆயிற்று.

இரண்டாவது சார்ட்டில், எது சரியாகப் போகிறது, எது போகவில்லை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். முதல் கட்டம் அப்பாவுடையது. அவர் பிரித்த படங்களை அதில் ஒட்டுங்கள். பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்குக் கட்டாயம் ஒரு கட்டம் வேண்டும். அவர் பகல் முழுக்க மாற்றங்களை யாரையும்விடக் கிட்டே இருந்து பார்ப்பவர். சம்பளம் கொடுப்பவர்கள் எதிரில் தயங்குவார் என்பதால் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எல்லோரும் அப்பாவின் இடது பக்கம் உட்காருங்கள், சார்ட்டும் அந்தப் பக்கமே இருக்கட்டும். இந்த வகைப் பக்கவாதத்தில் சிலருக்கு வலது பக்கப் பார்வையும் குறையும். "அவருக்கு" என்று பேசாமல் "உங்களுக்கு" என்று அவரைப் பார்த்தே பேசுங்கள். ஒரு மணி நேரம் போதும். செலவுக் கணக்கை வேறொரு நாளுக்குத் தள்ளுங்கள். ஒரே நாளில் வைத்தால் அதுதான் நேரத்தை விழுங்கும்.

பயிற்சிக்கு வருவோம். மறுப்பைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், முதலில் தோளைப் பாருங்கள். கட்டிலில் இருந்து எழுப்பும்போது விழுந்த கையைப் பிடித்து இழுத்தாலோ அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாலோ, தளர்ந்துபோன தோள் மூட்டு இறங்கி வலி எடுக்கும். பிறகு கையைத் தொட்டாலே முகம் சுளிப்பார். இடுப்பில் பெல்ட் போட்டு, தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் கை வைத்து எழுப்பும் முறையைப் பிசியோதெரபிஸ்ட் கூட்டத்திலேயே எல்லோருக்கும் செய்துகாட்டட்டும். உட்காரும்போது கை தலையணை மேல் இருக்க வேண்டும். வலி இல்லை, ஆனாலும் எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் குறைந்திருக்கின்றன என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது, சிகிச்சையும் உண்டு. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காட்டுகிறீர்கள் என்றால் கூட்டத்தில் எழுந்த கேள்விகளில் முக்கியமான மூன்றை எழுதி ஓ.பி.க்குக் கொண்டுபோங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கு வருபவராக இருந்தால் தேதியை முன்கூட்டியே சொல்லி அழையுங்கள்.

முடிவுகளை என்ன, யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். 'பார்த்துக்கலாம்' என்பதை எழுதவே கூடாது. "ஞாயிறு விடியல் ஐந்தரைக்கு அண்ணன் ஆட்டோவில் துறைமுகம் கூட்டிப்போவது, இந்த மாதம் 20-க்குள்" என்ற அளவுக்குத் தெளிவு வேண்டும். அப்பா கேட்டதில் ஒன்றாவது முதல் வாரத்திலேயே நடந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை படத்தைக் கையில் வாங்க மாட்டார். இங்கிலாந்தின் பராமரிப்பு வழிகாட்டுதல், திட்டம் தொடங்கிய 6 முதல் 8 வாரத்தில் ஒரு மீளாய்வும் அதன்பின் ஆண்டுக்கு ஒன்றாவதும் எதிர்பார்க்கிறது. உங்கள் வீட்டு நிலைமைக்கு மாதம் ஒன்று சரிதான். தோள் வலி இருப்பது தெரியவந்தால் மட்டும் பத்து நாளில் மறுபடி உட்காருங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சார்ட்டைப் படமெடுத்துப் போடும் முன், குளியல், கழிப்பறை பற்றிய வரிகளைப் போடலாமா என்று அப்பாவிடம் கேட்டுவிடுங்கள்.