குற்றம் சாட்டப்பட்ட வீரரை அரையிறுதியில் இறக்கலாமா? ஒரு கழகச் செயலாளருக்கான பதில்

களுவாஞ்சிகுடிப் பக்கத்திலுள்ள உதைபந்தாட்டக் கழகமொன்றின் செயலாளர் எழுதியிருக்கிறார்: "எமது முன்கள வீரர் தன்னை அடித்ததாக அவருடைய மனைவி பொலிஸில் முறைப்பாடு செய்திருக்கிறார். அவர் மறுக்கிறார். அது மனைவியின் சீதன வீடு என்பதால் அங்கிருந்து வெளியேறி, இப்போது இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் எமது கழகக் கட்டடத்தில் தங்கியிருக்கிறார். இரண்டு வாரத்தில் அரையிறுதி. அவரை விளையாட விடலாமா? மனைவியிடம் போய்ப் பேசிச் சமாதானம் செய்து வைப்போம் என்று நிர்வாக சபையில் சிலர் சொல்கிறார்கள். என்ன செய்வது?"

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் ஆபத்து அதில்தான் அதிகம். கழகத்தின் சார்பில் ஒருவரும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகக் கூடாது. படுவான்கரையைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்காக நான் ஆஜரான வழக்கில், விசாரணைக்கு முதல் நாள் மாலை கழகத்துப் பெரியவர்கள் நால்வர் அவருடைய வீட்டு விறாந்தையில் வந்து அமர்ந்தார்கள். கணவர் விட்டுப்போன ஒன்பதாம் இலக்க ஜேர்சி கொடியில் கிடந்தது. வீங்கிய கையோடு அவரே அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். எவரும் மிரட்டவில்லை, மூத்தவர் மட்டும், "தங்கச்சி, இறுதிப் போட்டி முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்றார். மறுநாள் அந்தப் பெண் தமக்கு வழக்கு வேண்டாம் என்று மன்றில் சொல்லிவிட்டார். தாங்கள் நன்மை செய்ததாகவே அந்த நால்வரும் நம்பினார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஊரே கொண்டாடும் அணியின் பெரியவர்கள் வாசலில் வந்து அமர்ந்தால், அவர்கள் எவ்வளவு மென்மையாகப் பேசினாலும் அது அழுத்தமாகவே விழும். அச்சொல் சற்றுக் கடுமையாகி, முறைப்பாட்டை மீளப்பெறச் செய்யும் அச்சுறுத்தலாக மாறுமானால், குற்றச்செயல்களால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அது தனிக் குற்றமாகும்.

அடுத்து, அவரை விளையாட விடுவது பற்றி. அவர் அடித்தாரா இல்லையா என்று தீர்மானிக்கும் அதிகாரமோ திறனோ உங்கள் கழகத்துக்கு இல்லை. அதை நீங்கள் தீர்மானிக்கவும் வேண்டாம். நீதிமன்றம் முடிவு சொல்லும் வரை கழகத்தின் ஜேர்சியும் கைதட்டலும் யாருக்குப் பலமாக நிற்கின்றன என்பதே உங்கள் முன்னுள்ள கேள்வி. அவுஸ்திரேலியாவின் தேசிய றக்பி லீக் 2019இல் இதற்கு ஒரு வழி கண்டது. 11 ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய பாரதூரமான குற்றத்துக்கு வழக்குத் தொடரப்பட்ட வீரர், குற்றவாளி என்று கருதப்படாமலே, முழுச் சம்பளத்துடன் போட்டிகளிலிருந்து விலக்கி வைக்கப்படுவார். ஆளைப் பார்த்து முடிவெடுக்காமல் முன்கூட்டியே விதியை எழுதி வைத்ததுதான் அதன் சிறப்பு. உங்கள் யாப்பில் அப்படியொரு விதி இல்லாவிட்டாலும், நிர்வாக சபை இவ்வாரமே கூடி, "குடும்ப வன்முறை தொடர்பில் பொலிஸ் விசாரணையோ நீதிமன்ற நடவடிக்கையோ நிலுவையிலுள்ள எந்த வீரரும், குற்றம் காணப்பட்டவராகக் கருதப்படாமல், போட்டிகளிலிருந்தும் சிறுவர் பயிற்சியிலிருந்தும் விலகியிருப்பார்" என்று தீர்மானம் எழுதலாம். அவருடைய அங்கத்துவமும் அவருக்குச் சேரவேண்டிய பணமும் அப்படியே இருக்கட்டும். மச்சான், மாமன், ஒரே குடி (தாய்வழிக் குலம்) என்று உறவுடைய எவரும் அந்த வாக்கெடுப்பில் பங்குபற்ற வேண்டாம். நம் ஊர்களில் இது கடினம்தான், ஆனாலும் கட்டாயம் தேவை.

"அவர் இல்லாமல் அரையிறுதியை வெல்ல முடியாது" என்று ஒருவர் சொல்வார். ஸ்கொட்லாந்தின் ரெய்த் ரோவர்ஸ் கழகம் 2022 ஜனவரி இறுதியில், ஒரு பெண்ணைப் பாலியல் வல்லுறவுக்கு உட்படுத்தியதாக 2017இல் சிவில் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்த வீரரை ஒப்பந்தம் செய்தபோது, ஆட்டத் திறமையையே முதலில் கவனித்ததாக அறிக்கை விட்டது. ஜேர்சி அனுசரணையாளர் விலகினார், பெண்கள் அணித் தலைவி வெளியேறினார். சில நாட்களிலேயே, அவர் தமக்காக விளையாட மாட்டார் என்று கழகம் அறிவிக்க வேண்டியதாயிற்று.

சட்ட நிலையையும் தெரிந்துகொள்ளுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பொலிஸாரோ பாதுகாப்புக் கட்டளை கோரி நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அவசரமெனில் மன்று இடைக்காலக் கட்டளை பிறப்பித்து, 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் திகதி குறிக்கும். அதன்பின் வழங்கப்படும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லும். மீறினால் சிறை செல்லவும் நேரிடலாம். அக்கரைப்பற்று, சாய்ந்தமருதுப் பக்கத்துக் கழகங்கள் கேட்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: முஸ்லிம்களின் விவாகரத்தும் தாபரிப்பும் காதி நீதிமன்றத்துக்குப் போனாலும், இந்தச் சட்டம் எல்லாச் சமூகத்தவருக்கும் பொதுவானது.

முறைப்பாடு மீளப்பெறப்பட்டாலோ அவர் விடுவிக்கப்பட்டாலோ என்ன செய்வது? மீளப்பெற்றதைக் குற்றமற்றவர் என்ற சான்றிதழாகக் கொள்ளாதீர்கள், மனைவியிடம் சம்மதக் கடிதம் கேட்கவும் வேண்டாம். அந்நிலையில் நிர்வாக சபை தனியே ஆராய்ந்து காரணங்களை எழுதி முடிவெடுக்க வேண்டும். நீதிமன்றம் விடுவித்தால், விலக்கியதை எவ்வளவு வெளிப்படையாகச் சொன்னீர்களோ அவ்வளவு வெளிப்படையாக அவரை வரவேற்றுச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அது அவருடைய உரிமை. கட்டளை பிறந்தால் அது முடியும் வரை விலக்கு நீடிக்கட்டும். அதற்கிடையில் பிரதேச செயலகத்து உளவள ஆலோசனை உத்தியோகத்தரை அவர் சந்திக்க நீங்களே ஏற்பாடு செய்து கொடுக்கலாம்.

வட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி எவரும் எழுதக் கூடாது என்று தலைவர் இன்றே அறிவிக்கட்டும். அந்தப் பெண்ணின் பெயரோ, நியாயம் பேசுவதுபோல் அவருடைய நடத்தையைப் பற்றிய ஒரு வார்த்தையோ அங்கு வரக் கூடாது. அவரோ அவருடைய குடும்பத்தவரோ தாமாக உதவி கேட்டால், மகளிர் உதவி இலக்கமான 1938ஐயும், பிரதேச செயலகத்துப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும், சட்ட உதவி ஆணைக்குழுவையும் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அவர் தங்கியிருக்கும் இடம். மனைவி கடைக்குப் போகும்போதும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போதும் கழக வாசலைக் கடந்துதான் போக வேண்டுமானால், நீங்கள் அறியாமலே அவரை அந்தப் பெண்ணின் பாதையில் குடியிருத்தியிருக்கிறீர்கள். அரையிறுதி பற்றிய கூட்டத்துக்கு முன்னர், கழகத்துக்கு நெருக்கமான இருவர் அவரை அவருடைய தாயார் வீட்டிலோ தூரத்து உறவினர் வீட்டிலோ கொண்டுபோய் விட்டுவிட்டு, கட்டடத்துச் சாவியை வாங்கி வாருங்கள்.