வீட்டு வளவுக்குள் நடக்கவும் செருப்பு வேண்டும்

கேள்வி: என் மாமியாருக்கு 64 வயது. 15 வருடமாகச் சர்க்கரை. பாதம் மரத்துவிட்டது, வலது பெருவிரலுக்கு அடியில் காய்ப்பு. கால் அச்செடுத்து இன்சோல் (செருப்புக்குள் வைக்கும் உள்தகடு) செய்து போடச் சொல்கிறார் டாக்டர். கடையில் விற்கும் ஜெல் இன்சோல் போதாதா? வீட்டுக்குள் அவர் செருப்பே போடமாட்டார்.
– வாசகி, காரைக்குடி

பதில்: போதாது. ஜெல் இன்சோல் மெத்தென்று இருக்கும், அவ்வளவுதான். உங்கள் மாமியாருக்குத் தேவை மெத்தை இல்லை, பாரம் இடம் மாற வேண்டும். நடக்கும்போது பாரம் எங்கே குவிகிறது என்று கால் வைத்துக் காட்டும் அடையாளம்தான் அந்தக் காய்ப்பு.

அச்செடுக்க, அமுங்கும் நுரைப் பெட்டியில் பாதத்தை வைத்து அழுத்தச் சொல்வார்கள். இல்லையென்றால் மாவுக்கட்டுத் துணி சுற்றி எடுப்பார்கள். அதன்படி செய்த இன்சோல் குதிகால், உள்ளங்கால் வளைவு என்று எல்லா இடத்தையும் தொட்டுத் தாங்கும். காய்ப்பு பதியும் இடத்தை மட்டும் சற்றுக் குழித்து விடுவார்கள். ஓரிடத்தில் விழுந்த பாரம் பாதம் முழுக்கப் பரவிவிடும். இந்த இன்சோல் தடிமனானது, பழைய ஷூவுக்குள் திணித்தால் விரல்கள் மேலே உரசும். உள்ளே ஆழமுள்ள செருப்போடு சேர்த்தே செய்யச் சொல்லுங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை காலுக்குக் குளுமைதான். ஆனால் உங்கள் பக்கத்து வீடுகளில் முகப்பிலிருந்து வளவு என்கிற நடுமுற்றம், அடுத்துள்ள இரண்டாங்கட்டு தாண்டி அடுப்படிக்குப் போய்வந்தாலே ஒரு தெரு நடந்த கணக்கு. அந்த நடையெல்லாம் வெறுங்காலில் என்றால், கோயிலுக்குப் போகும்போது மட்டும் போடும் இன்சோலால் என்ன லாபம்? வீட்டுக்கென்றே ஒரு ஜோடி வேண்டும். மருமகள் சொல்லிக் கேட்கமாட்டார். மகனை விட்டுச் சொல்லுங்கள்.

பின்பக்கம் வார் இருக்கட்டும். மரத்த காலுக்குச் செருப்பு நழுவுவது தெரியாது. என்னிடம் வந்த ஒரு பெரியவர் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்தார். இன்னொன்று எங்கே என்று நான் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார்!

முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். கழற்றி அரை மணி ஆகியும் பாதத்தில் சிவப்பு மறையாவிட்டால், செய்தவரிடமே கொண்டுபோய்த் திருத்துங்கள். இன்சோல் நாளடைவில் அமுங்கித் தட்டையாகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். காய்ப்பைப் பிளேடால் சீவ வேண்டாம், கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்திரியும் வேண்டாம். உள்ளே கறுப்பாக ரத்தக்கட்டு தெரிந்தாலோ, நீர் கசிந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். புண் வந்துவிட்டால் இன்சோல் மட்டும் காப்பாற்றாது.

அப்புறம், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போகிறேன் என்பார். மரத்த காலோடு வெறுங்கால் நடை வேண்டாம். பழனிக்குக் காவடி புறப்படும் அன்று, அது கிளம்பும் குன்றக்குடிக்குக் காரில் அழைத்துப்போய்க் கும்பிட வையுங்கள்.